பிற்பகல் யாருக்கு?

பள்ளிக்கூடத்து அலுவலகச் சுவரிலே ஒட்டியிருக்கும் தாள்களுள் மிக அடக்கமானது பாடவேளைப் பட்டியல். கட்டணம் செலுத்தாதோர் பெயர்ப் பட்டியல் அச்சுறுத்தும். தேர்வு முடிவுப் பட்டியல் சிலரைச் சிரிக்கவைக்கும், பலரை அழவைக்கும். பாடவேளைப் பட்டியலோ கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கிழமையும் மணியும் குறித்து, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் ஒரு மூலையிலே ஒட்டிக்கொண்டிருக்கும். நின்று அதைப் படிக்கும் பெற்றோர் மிகச் சிலர். "எத்தனை மணிக்கு வகுப்பு? எத்தனை மணிக்கு விடுவீர்கள்?" இவ்வளவே அவர்கள் கேட்பது. இடையிலே உள்ள மணிகளில் என்ன நடக்கிறது, அந்த மணிகளைப் பங்கிட்டவர் யார், யாருக்குக் கூட்டினார், யாருக்குக் குறைத்தார் என்று கேட்கும் பழக்கம் நம் மக்களிடம் வளரவில்லை. கேட்டாலும் கிடைக்கும் விடை தெரிந்ததுதானே! "அதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்."

நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் செய்திதானா அது? ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி எழுத்து, எத்தனை மணி ஏவல் என்று பங்கிடுவது, நாற்காலி மேசை வாங்குவது போன்ற அலுவலகக் காரியம்தானா? அல்ல என்று இந்த நாட்டு மக்கள் ஒரு முறை உரக்கச் சொன்னார்கள். சொன்னதன் விளைவாக ஆட்சி ஆட்டங்கண்டது. அறிவிற் சிறந்தவர், அரசியல் சதுரங்கத்தில் வல்லவர் என்று ஏடுகள் புகழ்ந்த ஒரு முதலமைச்சர் பதவியை விட்டு இறங்க நேர்ந்தது. அவர் செய்தது என்ன? தொடக்கப் பள்ளியின் பாடவேளைப் பட்டியலில் இரண்டு மணி நேரத்தை அழித்தார். ஆம், இரண்டே இரண்டு மணி நேரம்!

1952 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார் இராசகோபாலாச்சாரியார். அடுத்த ஆண்டுப் பள்ளித் திறப்பின்போது, 1953-54ஆம் கல்வியாண்டுக்கென, "திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்" வந்தது. திட்டத்தின் உடல் மிகச் சிறியது. சிற்றூர்ப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்றிருந்த படிப்பு மூன்று மணி நேரமாகும். பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வேளை, மறு பிரிவுக்கு மறு வேளை என, அதே ஆசிரியர் அதே கூரையின் கீழ்க் கற்பிப்பார். எஞ்சிய வேளையில் பிள்ளை வீட்டுக்குப் போய், தகப்பன் செய்யும் தொழிலைத் தகப்பனிடமே கற்கும். தகப்பனுக்குக் கைத்தொழில் இல்லையெனில், ஊரிலுள்ள வேறொரு தொழிலாளியிடம் போய்க் கற்கும்.

"குலக்கல்வித் திட்டம்" என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வைத்த பெயர் ஒன்று, ஊரார் அழைக்கும் பெயர் மற்றொன்று என்பார்களே, அதுபோல ஆட்சி வைத்த நீண்ட பெயர் கோப்புக்குள்ளேயே உறங்கிற்று. ஊரார் வைத்த பெயரே வரலாற்றிலே நின்றது.

கீழ்க்கட்டளையை எண்ணிப் பார்ப்போம். இன்று இரு நூறடி ஆரச்சாலையும் அடுக்குமாடிகளும், அலுவலகப் பேருந்துகளும் ஓயாத ஊர்திகளின் இரைச்சலுமாக, 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியிருக்கும் இவ்வூர், அன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். ஏரி, ஏரியை நம்பிய வயல், வயலை நம்பிய கூலிக்காரர். மேற்கே பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கல் குவாரிகள். அதற்கும் அப்பால் பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழில். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் நிறுவனத்தாலன்றோ! குன்றத்தூரிலே தறி. வடக்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர் போனால் சைதாப்பேட்டை. அது 1946இலேயே சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. திட்டமோ சிற்றூர்களுக்கு மட்டும். ஆகவே, சைதாப்பேட்டைப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. கீழ்க்கட்டளைப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கதிரவன்தான் எழுந்து மறைந்தான். எனினும் ஒருவன் பிற்பகல் ஏட்டுக்கு, மற்றவன் பிற்பகல் ஏருக்கு என்று எழுதியது பாடவேளைப் பட்டியல்.

பல்லாவரத்துக் கல்லுடைப்பவர் மகன் பிற்பகலில் என்ன கற்பான்? சம்மட்டியைத் தூக்கக் கற்பான். தோல் தொட்டியில் நின்று கால் வெந்துபோன தொழிலாளியின் மகன்? அதே தொட்டியில் இறங்கக் கற்பான். வயற்கூலியின் மகன் களை பறிக்கக் கற்பான். அதற்குப் பள்ளியைப் பாதியாக்க வேண்டுமா, வயிற்றுப் பசி ஒன்றே போதாதா? மலம் அள்ளும் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டவரின் மகன்? இந்தக் கேள்வியைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் எவரும் தாமாக எடுத்து விடையளிக்க முன்வரவில்லை. வழக்கறிஞர் மகனுக்கும் கணக்கப்பிள்ளை மகனுக்கும் வீட்டிலே பிற்பகற் கல்வி இருந்தது. அது ஏட்டுக் கல்வி. பள்ளி மூன்று மணி நேரமானாலும் அவனுக்கு இழப்பில்லை. திண்ணையிலே தகப்பன் மீதிப் பாடத்தை நடத்துவான். எழுத்தறியாத தகப்பனின் பிள்ளைக்கோ, எழுத்து கிடைக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். அந்த இடத்தின் கதவைப் பாதி மூடினால், மூடியது யார் மேல் என்பது விளங்கவில்லையா?

பெண்பிள்ளையின் நிலை இன்னும் பரிதாபம். அவளுக்குத் தகப்பன் தொழில்கூட இல்லை. நண்பகலில் வீடு திரும்பும் எட்டு வயதுச் சிறுமிக்குக் காத்திருப்பது அடுப்பு, குடம், இடுப்பிலே தம்பி. அதற்கும் "கல்வி" என்றே பெயர் சூட்டினார்கள்.

திட்டத்தை ஆதரித்தோர் சொன்னதையும் நேர்மையாக எடுத்து வைப்போம். எதிரியின் வாதத்தைச் சிறிதாக்கிவிட்டு வெல்வது பகுத்தறிவாகாது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமற்ற கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர முயலவேண்டும் என்றது. பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளியின் பக்கமே வரவில்லை. வந்தவரும் நிலைக்கவில்லை: 1946-47இல் முதல் வகுப்பில் இருந்தோர் 12 இலட்சத்துக்கு மேல், அவர்கள் ஐந்தாம் வகுப்பை எட்டவேண்டிய 1950-51இல் அவ்வகுப்பில் எஞ்சியிருந்தோர் 4.6 இலட்சம் அளவே. கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. பள்ளியை இரு வேளையாக்கினால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு, இரு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். வேலைக்குப் பிள்ளை வேண்டும் என்று பள்ளியை விட்டு நிறுத்தும் ஏழைத் தகப்பனும், அரை நாள் தானே என்று அனுப்பி வைப்பான். இது அவர்களின் கணக்கு. கணக்கிலே கருணை இல்லை என்று கூறமாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கை மறுபுறம் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆண்டுக்குப் பள்ளி நாள் 200 என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐந்து மணி என்றால் ஆண்டுக்கு 1000 மணி நேரம். மூன்று மணி என்றால் 600. ஆண்டுதோறும் 400 மணி நேரம் போயிற்று. ஐந்து ஆண்டில் 2000 மணி நேரம். அஃதாவது, ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே வரும் சிற்றூர்ப் பிள்ளை, பழைய கணக்குப்படி மூன்றே மூன்று ஆண்டு படித்தவன். சான்றிதழிலே ஐந்து, தலையிலே மூன்று! பட்டணத்துப் பிள்ளையோடு அதே தேர்வை எழுதி, அதே உயர்நிலைப் பள்ளி வாயிலிலே அவன் நிற்கவேண்டும். தோற்றால் என்ன சொல்வார்கள்? "படிப்பு ஏறவில்லை, அப்பன் தொழிலைப் பார்க்கட்டும்" என்பார்கள். அப்பன் தொழிலுக்கு அனுப்பியதால் படிப்பு ஏறவில்லை. படிப்பு ஏறாததால் அப்பன் தொழிலுக்கே போ! சுற்றிச் சுற்றி வந்து அதே செக்கிலே கட்டும் வித்தை இது.

இந்த வித்தை நம் நாட்டில் பிறந்ததும் அன்று. இங்கிலாந்திலே பஞ்சாலைகள் பெருகிய காலத்தில், 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதுப் பிள்ளையை ஆலைக்குள் விட இசைவு தந்தது. எட்டிலிருந்து பதின்மூன்று வயதுவரை நாளொன்றுக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. கூடவே பள்ளியும் உண்டு. எத்தனை மணி நேரப் பள்ளி? மூன்று மணி நேரம்! அந்தச் சிறுவர்களை "அரைநேரத்தார்" என்று அழைத்தனர். காலையிலே ஆலையில் நின்றுவிட்டு வந்த பிள்ளை பிற்பகலில் பலகைமேல் தலை சாய்த்துத் தூங்கிற்று என்று ஆசிரியர்கள் முறையிட்டனர். நம் சென்னையிலும் அந்த வழக்கம் எட்டிப் பார்த்தது; பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள், அரைநேரம் உழைத்த சிறுவருக்கென்றே பள்ளி நடத்தின.

இங்கிலாந்தில் அந்த முறையை ஒழிக்க நினைத்தபோது முதலில் குறுக்கே நின்றவர் யார்? முதலாளி மட்டுமல்லர், பெற்றோரே! இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இலங்காசயர்ப் பஞ்சாலைத் தொழிலாளரிடையே வாக்கெடுப்பு நடந்தபோது, பெரும்பான்மையோர் அரைநேர முறை நீடிக்கட்டும் என்றே வாக்களித்தனர். பிள்ளை கொண்டு வரும் சில வெள்ளிக்காசு இல்லாமல் அடுப்பு எரியவில்லை. அந்தப் பெற்றோரைப் பழிப்பது எளிது. பழிக்க எனக்கு மனமில்லை. பசித்தவனிடம் போய், "உன் பிள்ளைக்கு ஏடு வேண்டுமா, கூலி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் சொன்ன விடையை அவன் விருப்பம் என்று எழுதிக்கொள்வது ஆட்சியாளர்களின் பழைய தந்திரம். இறுதியில் 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரைநேர முறைக்கு முடிவு கட்டியது. அங்கே 1918இல் புதைத்ததை இங்கே 1953இல் தோண்டி எடுத்தார்கள். இரண்டு வேறுபாடுகளோடு: அங்கே பிள்ளைக்குக் கூலியாவது கிடைத்தது, அங்கே எந்த ஆலைக்குப் போவது என்பதைப் பிறப்பு நிருணயிக்கவில்லை.

இங்கே நிருணயித்தது பிறப்பே என்று மக்கள் ஐயுற்றதற்குக் காரணம் இருந்தது. முதலமைச்சர் திருவான்மியூரில் சலவைத் தொழிலாளரிடையே பேசும்போது, அவரவர் தொழிலை அவரவர் செய்வதே நன்று என்ற கருத்தை வலியுறுத்தினார். கோப்பிலே "கைத்தொழிற் பயிற்சி" என்று இருந்தது, மேடையிலே குலத்தொழிலாகவே ஒலித்தது. ஒருவர் மனத்திலே உள்ளதை அறிய அவர் எழுதிய சுற்றறிக்கையை மட்டும் படித்தால் போதாது போலும்.

அன்றைய பெற்றோரின் நிலையை எண்ணுங்கள். கீழ்க்கட்டளை போன்ற ஒரு சிற்றூரில், வயலிலிருந்து ஏறி வந்த தகப்பன் ஒருவன் பள்ளி வாயிலில் நின்று, "ஐயா, பிள்ளையைப் பாதி நாளிலேயே அனுப்பிவிடுகிறீர்களே, ஏன்?" என்று தலைமையாசிரியரைக் கேட்டால், அவர் என்ன சொல்ல முடியும்? அவருக்கே மேலிருந்து வந்த சுற்றறிக்கை. மேலே ஜில்லா போர்டு. அதற்கு மேலே கல்வித்துறை. அதற்கு மேலே கோட்டை. சுற்றறிக்கையைப் படிக்கத் தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் அவன் கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பதிவேடு கிடையாது. தன் பிள்ளையின் பகற்பொழுதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தகப்பனுக்கு ஓர் இடமில்லை! அவனை விடுங்கள், சட்டமன்றத்துக்கே திட்டம் விவாதத்துக்கு வரவில்லை. முன்கூட்டிப் பேசாமலே நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு, உழவனுக்கு எங்கே கிடைக்கும்?

கேட்க அறை இல்லாதபோது கேள்வி தெருவுக்கு வந்தது. 1953 ஜூலை 14 அன்று, ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் முதலமைச்சரின் வீட்டின் முன் மறியல் நடந்தது. மும்முனைப் போராட்டம் என்று வரலாறு குறிக்கும் போராட்டத்தின் ஒரு முனை அது. பாடவேளைப் பட்டியலுக்காகச் சிறை சென்றவர்கள் இருந்தார்கள் என்று இன்றைய மாணவரிடம் சொன்னால் வியப்படைகிறார்கள். பெரியார் ஊர் ஊராகப் பேசினார். 1954இல் நீடாமங்கலம் அ. ஆறுமுகம் தலைமையில் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை நோக்கி ஒரு படை நடந்தே வந்தது. நாகை எங்கே, சென்னை எங்கே! அந்தத் தொலைவு முழுவதும் வழியிலிருந்த ஊர்களில் அவர்கள் சொன்னது ஒன்றே: பிள்ளையின் பிற்பகலைத் திருப்பிக் கொடு.

மன்றத்துக்குள்ளும் நெருப்புப் பிடித்தது. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. அதை முன்னின்று திரட்டியவருள் டாக்டர் வரதராசலு நாயுடு ஒருவர். (சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1920களில் போராடினாரே, அவரேதான். அன்று உணவில் பிரிவினை. இன்று நேரத்தில் பிரிவினை என்று அவருக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.) 1953 ஜூலை இறுதியில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138! மன்றம் சரிபாதியாகப் பிளந்து நின்றது, தீர்மானம் நிறைவேறவில்லை. ஆயினும் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் வென்றது. இரண்டே வாக்கு.

வல்லுநர் குழு, கல்வியாளர் பருலேகர் தலைமையில் அமைந்தது. அது ஆராய்ந்து, திட்டம் நல்லதே என்று எழுதிக் கொடுத்தது. டில்லியிலிருந்தும் பாராட்டு வந்தது. வல்லுநர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. அவர்கள் எண்ணியது இருக்கைகளை. மக்கள் எண்ணியது பிள்ளைகளை. ஒரு பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை சரியாகவே இருக்கலாம். உட்கார்ந்தவன் எழுந்து எங்கே போவான் என்பதே மக்கள் கேட்ட கேள்வி. அது குழுவின் வினாத்தாளில் இல்லை.

1954 வசந்தத்தில் ஆச்சாரியார் பதவி விலகினார். உடல்நலம் காரணம் என்று சொல்லப்பட்டது. ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். மே 18 அன்று, குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் சி. சுப்பிரமணியம், ஆச்சாரியார் அமைச்சரவையிலேயே கல்விப் பொறுப்பை ஏற்றுத் திட்டத்துக்காக வாதாடியவர். அதே வாய், வேறு விடை! மக்கள் எழுப்பிய ஒலி அத்தகையது.

பணமில்லை, ஆசிரியரில்லை என்ற பழைய கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. பள்ளியைப் பாதியாக்காமலே பிள்ளைகளை வரவழைப்பது எப்படி? 1956இல் மதிய உணவைப் பள்ளிகளில் பரப்பினார் காமராசர். சென்னை மாநகராட்சியில் 1920இலேயே, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய எண்ணமே அது. நண்பகலில் வீட்டுக்குப் போனால் கூழும் வேலையும். பள்ளியிலேயே இருந்தால் சோறும் பாடமும். பிள்ளையின் பிற்பகலை மீட்டது ஒரு கவளம் சோறு. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்த அந்நாட்களில், 1958இல், நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரிலே முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. ஊர் மக்கள் பள்ளிக்குக் கரும்பலகை தந்தார்கள், மணி தந்தார்கள், நிலம் தந்தார்கள். ஐந்தாண்டுக்கு முன் பள்ளி வாயிலில் நின்று கேள்வி கேட்க இடமில்லாதிருந்த அதே மக்கள்! கொடுக்க அழைத்தார்கள், நல்லது. கேட்க அழைத்தார்களா? அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலிருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலை, எத்தனை பெற்றோர் படித்திருப்பர்? அதிலே மணிக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, தோழர்களே! முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறிலிருந்து எட்டுவரை 220 நாள், 1000 மணி நேரம். 1953இன் அரை நாள் பள்ளியை இந்தத் தராசிலே வைத்துப் பாருங்கள். 600 மணி நேரம், 200 குறைவு. அன்று கொள்கை என்று முழங்கியது, இன்று சட்டமீறல்.

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றையும் படைத்தது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்களைத் திருத்தியமைக்க 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகள்தோறும் பெற்றோர் கூட்டம் நடந்தது. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. சட்டமே அவற்றை விலக்கிவிட்டது. மணிக்கணக்கு அவற்றுக்கும் உண்டு, மணியைக் கேட்கும் குழு இல்லை! கட்டணம் கட்டுவோருக்குக் கேள்வி வேண்டாம் என்று எண்ணினார்களோ என்னவோ. கீழ்க்கட்டளையிலும் மடிப்பாக்கத்திலும் கோவிலம்பாக்கத்திலும் தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், வாயிற்காவலரைத் தாண்டுவதற்கே நேரம் குறித்து வாங்கவேண்டியிருக்கிறது.

குழு உள்ள பள்ளியிலும் கேட்பது எளிதன்று. இப்பகுதிப் பள்ளியொன்றில் அண்மையில் நான் கண்டதைக் கூறுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டா. அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் ஒரு தாய். மகன் எட்டாம் வகுப்பு. பாடவேளைப் பட்டியலை எதிர்வீட்டுப் பெண்ணைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"கடைசி மணி கணக்குன்னு போட்டிருக்கீங்க சார். என் பையனும் இன்னும் நாலு பசங்களும் அந்த மணியிலே தினம் செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க, நாற்காலி தூக்கறாங்க. அவங்களுக்குக் கணக்கு எந்த மணியிலே?"

எழுத்தர் சிரித்தார். "அவங்க மெதுவாப் படிக்கிற பசங்கம்மா. வகுப்பிலே உட்கார்ந்தாலும் ஏறாது. உடம்புக்கு வேலை கொடுத்தா நல்லதுதானே? அதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கும், நீங்க போங்க."

"ஏறாதுன்னாத்தானே சார் இன்னும் ஒரு மணி கூட வேணும்?"

அந்தத் தாய்க்கு 1953 தெரியாது, பருலேகரும் தெரியாது. ஆனால் வல்லுநர் குழு கேட்க மறந்த கேள்வியை அவர் கேட்டுவிட்டார். நாளொன்றுக்கு நாற்பது மணித்துளி. 220 நாளுக்கு ஏறத்தாழ 146 மணி நேரம். ஓராண்டின் கணக்குப் பாடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த ஐந்து சிறுவரின் வீடுகளையும் நான் அறிவேன். எந்த வீட்டிலும் பிற்பகற் பாடம் நடத்தத் திண்ணையும் இல்லை, படித்த தகப்பனும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இழிவான வேலையன்று. எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து ஊற்றட்டும், ஆசிரியரும் ஊற்றட்டும். எப்போதும் அந்த ஐவரே ஊற்றினால், அதற்குப் பழைய பெயர்தான்.

அவர் திரும்பிப் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்த அரைத்தாள் விண்ணப்பத்தை நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். எழுத்தர் தயங்கினார், தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விண்ணப்பம் படிக்கப்பட்டது. உறுப்பினருள் இருவர் பேசினர், ஒருவர் சலித்துக்கொண்டார். எட்டாம் வகுப்புக்குக் கடைசி மணிக் கணக்கு, ஐவருக்கும் சேர்த்து, அடுத்த வாரம் முதல் நடந்தது. தோட்டத்துக்கு வகுப்புவாரியாக முறை போடப்பட்டது.

கூட்டம் கலையும்போது அந்தத் தாய் தலைமையாசிரியரிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று எண்ணினோம். "பொண்ணு ஆறாவதுலே இருக்கா சார். அவ வகுப்புப் பட்டியலும் ஒண்ணு வேணும்" என்றார்.